களப்பணிக்கு லேப்டாப்பா, டேப்லெட்டா? வாங்கும்போது நேரும் தவறுகள்

ஓசூர் சிப்காட் ஆலைகளுக்குச் சரக்கு ஏற்றி அனுப்புவோர், கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகளுக்காகத் தோட்டம் தோட்டமாகச் சென்று கொள்முதல் செய்வோர், தருமபுரியின் மலையடிவார ஊர்களில் தவணை வசூலிப்போர் எனப் பலரும் இன்று அலுவலக மென்பொருளை வெளியிலிருந்தே இயக்குகின்றனர். அவர்களுக்கான கருவியை விலையையும் திரையளவையும் பார்த்து வாங்கிவிட்டு, மென்பொருள் அதில் ஓடுமா என்று பிறகு விசாரிப்பதுதான் முதல் தவறு.

கணக்கு எழுதும் மென்பொருளான டேலி பிரைம் விண்டோஸுக்காக உருவாக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் அதை நேரடியாக நிறுவ இயலாது. உலாவி வழியே அறிக்கைகளைப் பார்க்கலாம். ஆனால் வவுச்சர் (வரவு செலவுப் பதிவு) பதிய வேண்டுமெனில் கிளவுட் சேவையோ, அலுவலகக் கணினியைத் தொலைவிலிருந்து திறக்கும் ஏற்பாடோ தேவை. டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் நிலை இன்னும் சிக்கலானது. பெரிய யூஎஸ்பி முனை கொண்ட அந்தச் சிறு குச்சியை, டைப்-சி மாற்றி போட்டு டேப்லெட்டில் செருகிவிடலாம் என்று நம்பி வாங்குவோர் உண்டு. செருகுவதில் சிக்கலில்லை, ஆனால் அதை இயக்க உதவும் டிரைவர் என்ற சிறு மென்பொருள் ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் இல்லாததால் கையொப்பம்தான் விழாது. ஸ்னாப்டிராகன் சில்லுடன் வரும் விண்டோஸ் லேப்டாப்புகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும், ஏனெனில் சாதாரண மென்பொருள்கள் பெரும்பாலும் ஓடிவிட்டாலும், டோக்கனுக்கும் பில் பிரிண்டருக்கும் அந்தச் சில்லுக்கென்றே எழுதிய டிரைவர் இருந்தாக வேண்டும்.

பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் அங்கிருந்து பழைய லேப்டாப்புகளை மொத்தமாக வாங்கி வருவது இப்பகுதியில் எளிது. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உட்பட, 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடைப்பதில்லை. மலிவு என்று மயங்கிக் கணக்குப் புத்தகத்தைப் பாதுகாப்பற்ற கருவியில் திறப்பது நல்ல வியாபாரம் அல்ல.

வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டை வாங்கிச் சில ஆயிரம் மிச்சம் பிடிப்பதும் பரவலான தவறு. போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தால் இரண்டு பேட்டரிகளும் சேர்ந்தே கரையும். அவ்வகை டேப்லெட்டுகள் பலவற்றில் ஜிபிஎஸ்ஸும் இராது என்பதால், வருகைப் பதிவில் இருப்பிடம் கேட்கும் செயலி முரண்டு பிடிக்கும். சிம் இருந்தாலும் சித்தேரி, பெட்டமுகிலாளம் போன்ற மலைப்பகுதிகளில் சிக்னலை நம்பி இருக்க முடியாது. பதிவைக் கருவியிலேயே சேமித்து, இணைப்பு வந்ததும் அனுப்பும் வசதி செயலியில் இல்லையெனில் எவ்வளவு விலையுயர்ந்த டேப்லெட்டும் அங்கே பயன்படாது.

திரையைக் கடையின் விளக்கொளியில் பார்த்து முடிவு செய்யக்கூடாது. மாங்காய்ப் பருவத்தின் உச்சி வெயிலில் 250 நிட் ஒளிர்வுள்ள திரையில் எடைச்சீட்டு எண்ணைக் கூடப் படிக்க முடியாது. 500 நிட்டாவது வேண்டும். காம்புப் பால் ஒட்டிய விரலைத் தொடுதிரை சரியாக உணராததால் 65 என்பது 655 ஆகப் பதிவாவதும் உண்டு. வெளியில் உழலும் கருவிக்கு, தூசியையும் தண்ணீர்ப் பீச்சலையும் தாங்கும் ஐபி65 தரமும் உறையும் வீண்செலவல்ல.

பத்துக் கருவிகளுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒன்றை மட்டும் வாங்கி, அதைப் பயன்படுத்தப்போகும் ஊழியரிடமே கொடுத்து, தோட்டத்தில் நின்றபடி ஒரு கொள்முதலை எடை முதல் பில் வரை பதியச் சொல்லிப் பார்க்கலாம்.