பேஸ் கிட்டாருக்கு ஸ்ட்ராப் வாங்கப் போறீங்களா, முதல்ல அளவு எடுங்க

கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி வீட்லயே ஒரு வேலை இருக்கு. கைப்பிடி இல்லாத சேர்ல உட்கார்ந்து பேஸை மடியில வச்சு வாசிங்க, அது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல எந்த உயரத்துல நிக்குதுன்னு பாருங்க, நின்னு வாசிக்கும்போதும் கிட்டத்தட்ட அங்கயேதான் இருக்கணும். அப்புறம் எழுந்து நின்னு, அதே உயரத்துல யாரையாவது பேஸைப் பிடிக்கச் சொல்லி, பேஸோட அடியில ஸ்ட்ராப் மாட்டுற பட்டன்ல இருந்து முதுகு வழியா இடது தோளுக்கு மேல வந்து பேஸோட மேல்பக்கத்துல இருக்கிற இன்னொரு பட்டன் வரைக்கும் டெய்லர் டேப்ல அளந்துக்கங்க. கடைசி ஓட்டையில போட்டாதான் அந்த அளவு வருதுன்னா அந்த ஸ்ட்ராப் வேண்டாம். தொடை வரைக்கும் தொங்கவிட்டா பாக்க ஸ்டைலாதான் இருக்கும், ஆனா இடது மணிக்கட்டு மடங்கியே கிடந்து வலிக்க ஆரம்பிச்சிரும்.

பேஸ் சுமார் 4 கிலோ வரும், அதுக்கு 2 இன்ச் பட்டை பத்தாது, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல முழுக்க நின்னு வாசிக்கிறவங்க 3 இன்ச்சுக்கு மேலயே போங்க.

அகலத்தை விட முக்கியம், தோள்ல படுற அடிப்பக்கம். நிறைய பேஸ்ல தலைப்பக்கம் கனம் ஜாஸ்தி, வழுக்குற நைலான் பட்டையா இருந்தா நெக், அதாவது விரல் வச்சு வாசிக்கிற நீளமான கழுத்துப் பகுதி, மெதுவா கீழ சாயும், நீங்க இடது கையால அதைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டே வாசிப்பீங்க, அப்புறம் விரல் எப்படி ஓடும்? அதனால சட்டையில ஒட்டிப் பிடிக்கிற சொரசொரப்பான ஸ்வேட் லெதர் அடிப்பக்கம் பாத்து வாங்குங்க. கடையில மாட்டிட்டு, கீழ விழாம ஒரு ஆளைப் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டு, ரெண்டு கையையும் மெதுவா எடுங்க. நெக் சாயாம நின்னா நல்ல ஸ்ட்ராப். நியோப்ரின்னு ஒரு மெத்து மெத்துன்னு இருக்கிற பட்டை வரும், தோளுக்கு சுகமா இருக்கும், ஆனா ரப்பர் மாதிரி இழுபடும், பேஸ் குதிச்சுக்கிட்டே இருக்கும், எனக்கு அது பிடிக்கல.

மும்பைல இருக்கிறவங்களுக்கு தாராவி பக்கத்துலயே இருக்கு, லெதர் வேலை தெரிஞ்சவங்க கிட்ட தமிழ்லயே சொல்லி அளவுக்கு செஞ்சுக்கலாம். பழைய ஸ்ட்ராப்பைக் கையோட எடுத்துட்டுப் போங்க. கழுத்துல உரசுற ஓரத்தை மழுங்க வச்சுத் தரச் சொல்லுங்க, பட்டன் ஓட்டை பட்டன் தலையை விடச் சின்னதா, பக்கத்துல ஒரு கீறலோட இருக்கணும், மாட்டும்போது கொஞ்சம் மல்லுக்கட்டணும். சுலபமா மாட்டுச்சுன்னா சுலபமா கழண்டும் வரும், அதுக்கு ஸ்ட்ராப் லாக், அதாவது பட்டன்ல இருந்து பட்டை கழண்டு வராம பூட்டுற சாமான், போட்டுக்கங்க.

மழைக்காலத்துல நனைஞ்ச லெதரை அப்படியே பைக்குள்ள திணிக்காதீங்க, பூஞ்சை பிடிச்சிரும், நிழல்ல காத்தாட தொங்கவிடுங்க.