சி நிரலகத்தைச் சார்ந்த பைத்தான் மாட்யூலை வீல் கோப்பாக்குவது எப்படி?

பைத்தானில் மட்டுமே எழுதிய பேக்கேஜின் வீல் கோப்பு (நேரடியாக நிறுவத் தயாரான பேக்கேஜ் கோப்பு) பெரும்பாலும் எந்தக் கணினியிலும் நிறுவிய உடனே இயங்கும். சி மொழி மாட்யூலுக்கு அந்த வசதி இல்லை. ஜேபெக் படத்தின் அகல உயரத்தைப் படித்துச் சொல்லும் சிறிய மாட்யூல் ஒன்று, லிப்ஜேபெக் என்ற நிரலகத்தை (லைப்ரரியை) சார்ந்திருப்பதாகக் கொள்வோம். உங்கள் லினக்ஸ் கணினியில் உருவாகும் வீலுக்குள் மாட்யூல் இருக்கும், லிப்ஜேபெக் இருக்காது. ஆகவே அந்த நிரலகம் இல்லாத கணினியில் நிறுவல் தடையின்றி முடிந்து, இம்போர்ட் செய்யும்போதுதான் பிழை தெரியவரும்.

இன்னொரு சிக்கல் ஜிலிப்சி, அதாவது பெரும்பாலான லினக்ஸ் இயங்குதளங்கள் பயன்படுத்தும் அடிப்படை சி நிரலகம். பழைய ஜிலிப்சியில் கம்பைல் செய்தது புதியதில் இயங்கும். புதியதில் கம்பைல் செய்தது பழையதில் இயங்கும் என்ற உறுதி கிடையாது. எனவே வீலை உங்கள் கணினியில் நேரடியாக உருவாக்காமல், பழைய ஜிலிப்சியோடு இதற்கென்றே பராமரிக்கப்படும் மெனிலினக்ஸ் டாக்கர் இமேஜை ஒரு கன்டெய்னராக (கணினிக்குள் தனித்து இயங்கும் சூழலாக) இயக்கி, அதற்குள் உருவாக்குங்கள். மெனிலினக்ஸ் 2_28 என்ற இமேஜ் அல்மாலினக்ஸ் 8 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டது. பெயரில் உள்ள எண் ஜிலிப்சி 2.28-ஐக் குறிக்கிறது.

படி 1: உருவாக்குதல்

உங்கள் புராஜெக்ட் கோப்புறையை அந்தக் கன்டெய்னரில் இணைத்து, லிப்ஜேபெக்கின் டெவலப்மென்ட் பேக்கேஜை டிஎன்எஃப் என்ற பேக்கேஜ் நிறுவி மூலம் நிறுவியபின், தேவையான பைத்தான் பதிப்பின் பிப் கருவியைக் கொண்டு வீலை உருவாக்குங்கள். சார்புகளைத் தவிர்க்கும் விருப்பத்தையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லையேல் பிற பேக்கேஜ்களின் வீல்களும் அதே கோப்புறையில் வந்து குவியும்.

படி 2: ஆடிட்வீல்

இப்போது கிடைத்த வீலின் பெயரில் வெறும் லினக்ஸ் என்ற குறி மட்டுமே இருக்கும்; பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான பைபிஐ அதை ஏற்காது. வீலைச் சோதித்துச் சீர்செய்யும் கருவியான ஆடிட்வீலின் ஷோ கட்டளை, மாட்யூல் எந்தெந்த வெளி நிரலகங்களைத் தேடுகிறது என்று காட்டும். அடுத்து ரிப்பேர் கட்டளையைக் கொடுத்தால், லிப்ஜேபெக்கின் நகலை வீலுக்குள் வைத்து, மாட்யூல் அதை அங்கேயே தேடும்படி ஆர்பாத் மதிப்பை (நிரலகத்தைத் தேட வேண்டிய இடத்தைச் சொல்லும் குறிப்பை) மாற்றி, மெனிலினக்ஸ் குறியையும் சூட்டிவிடும். நகலின் பெயரோடு ஒரு ஹேஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எழுத்துச் சரம்) ஒட்டியிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். ஒரே புராசஸில் இயங்கும் இரு பேக்கேஜ்கள் ஒரே நிரலகத்தின் வெவ்வேறு பதிப்புகளைக் கொண்டுவந்தால் அவை மோதிக்கொள்ளாமல் இருப்பதற்கே அந்த ஏற்பாடு. நிரலகத்தை நீங்களே கம்பைல் செய்து வழக்கமில்லாத இடத்தில் வைத்திருந்தால், எல்டி லைப்ரரி பாத் (LD_LIBRARY_PATH) என்ற சூழல் மாறியில் அந்த இடத்தைக் குறிப்பிட்ட பிறகே ஆடிட்வீலால் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

படி 3: சோதித்தல்

பலரும் அவசரப்படுவது இங்கேதான். உருவாக்கிய கன்டெய்னரிலேயே சோதித்தால் எதுவும் நிரூபணமாகாது. லிப்ஜேபெக் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. குறைந்த பேக்கேஜ்களே கொண்ட பைத்தானின் ஸ்லிம் டாக்கர் இமேஜ் போல அது இல்லாத இடத்தில் வீலை நிறுவி, இம்போர்ட் செய்வதோடு நிற்காமல் உண்மையான படம் ஒன்றையும் படிக்க வைத்துப் பாருங்கள்.

மேக்கில் இதே வேலையை டெலொகேட்டும், விண்டோஸில் டெல்வ்வீலும் செய்கின்றன. ஆல்பைன் என்ற லினக்ஸில் ஜிலிப்சிக்குப் பதில் மசல் என்ற சி நிரலகம் இருப்பதால் அதற்கு மசல்லினக்ஸ் என்று தனி வீல் வேண்டும். பல பைத்தான் பதிப்புகளுக்கு வெளியிடும்போது இவற்றைக் கையால் செய்யாமல் சிஐபில்ட்வீல் என்ற தானியங்கிக் கருவியிடம் விட்டுவிடலாம். ஆனால் தொடக்கத்தில் ஒருமுறையாவது கையால் செய்வது நல்லது, பிழை எங்கே வருகிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

உள்ளே வைத்த நகலுக்கு இனி நீங்களே பொறுப்பு. பயனர் தம் இயங்குதளத்தைப் புதுப்பித்தாலும் உங்கள் வீலுக்குள் இருக்கும் லிப்ஜேபெக் மாறாது என்பதால், அதில் பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டால் நீங்கள் புதிய வீலை வெளியிட வேண்டும். அந்த நிரலகத்தின் உரிமக் கோப்பையும் வீலுடன் சேர்த்தே அனுப்புங்கள்.