மூங்கிலுக்குள் கால் வைக்க முதல்

இருவர் தட்டுகிற இரண்டு மூங்கிலுக்கு நடுவே கால் வைத்து ஆடுகிற பிலிப்பைன்ஸ் ஆட்டம் தினிக்ளிங். அதை நான் பழகியது இரண்டு தும்புத்தடிகளில். கத்தாரில், தோகாவில் ஏழு வருடம் சலவை வேலை செய்த காலம் அது. எங்கள் அறையில் ஆறு கட்டில். நாலில் பிலிப்பைன்ஸ்காரிகள், ஒன்றில் நேபாளப் பிள்ளை ஒருத்தி, மற்றதில் நான். வெள்ளிக்கிழமை பின்னேரம் மொட்டைமாடியில் உடுப்பைக் காயப்போட்டுவிட்டு, தும்புத்தடிகளைத் தரையில் வைத்துத் தட்டத் தொடங்கிவிடுவார்கள். எல்லாருக்கும் மூத்தவள் லெய்த்தே தீவுக்காரி. அவளை ‘ஆத்தே’ என்று கூப்பிடுவோம். அவர்கள் பேச்சில் அக்கா. முதல் நாளே என் கணுக்கால் எலும்பில் தடி விழுந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆத்தே அனுதாபப்படவில்லை. “காலைப் பார்க்காதே, தட்டைக் கேள்” என்றாள்.

ஊருக்கு வந்த பிறகு யாழ்ப்பாணம் குருநகரில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளுக்குப் பழக்கத் தொடங்கினேன். ‘அன்ரி, தடி டான்ஸ்’ என்று அவர்களே அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். போன மாதம் ஒரு ரீச்சர் வந்து, “அக்கா, எங்கட பள்ளிக்கூடத்திலும் போட வேணும், எப்படிப் பழக்கிறது எண்டு எழுதித் தாங்கோ” என்றார். அவருக்கு எழுதியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்திருக்கிறேன்.

முதலில் மூங்கில். யாழ்ப்பாணத்தில் பனைக்குப் பஞ்சமில்லை, மூங்கிலைத்தான் தேட வேண்டும். கட்டட வேலை முடிந்த இடத்தில் முட்டுக்கொடுத்துக் கழற்றிப் போட்டதைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். ஒன்பது அடி நீளத்தில் இரண்டு வேண்டும். பிள்ளையின் கைக்குள் அடங்குகிற தடிப்பம் போதும். பச்சை மூங்கில் கனம், சத்தமும் செத்த சத்தம். காய்ந்ததை எடுத்து நிலத்தில் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, கரகரத்தால் எங்கோ வெடிப்பு இருக்கிறது. வெடித்த மூங்கில் காலைக் கிழித்துவிடும். கணுக்களை அரத்தாளால் நன்றாகத் தேயுங்கள். பிளாஸ்ரிக் குழாய் மலிவு என்று ஒருமுறை வாங்கினேன். வளைந்து துள்ளி, தட்டுகிறவனின் முகத்திலேயே அடித்தது.

மூங்கிலின் இரண்டு முனையிலும் குறுக்காக வைக்க ஒவ்வொரு கட்டை வேண்டும். இரண்டரை அடி நீளம், இரண்டு அங்குல உயரம். எனக்குப் பழைய வீட்டுக் கூரையில் கழற்றிய பனஞ்சிலாகைத் துண்டு கிடைத்தது. அதைவிட நல்ல சத்தம் வேறு எந்த மரத்திலும் வரவில்லை. அடியில் சாக்குத் துண்டு ஒட்டிவிடுங்கள், சீமெந்துத் தரையில் வழுக்காது. மணலில் பழக்க வேண்டாம். கடற்கரை பக்கத்தில் இருக்கிறதே என்று ஆசையில் கொண்டுபோனேன். மணல் தட்டுச் சத்தத்தை விழுங்கிவிட்டது.

மூங்கில் வந்துவிட்டது என்று உடனே அதற்குள் பிள்ளைகளை இறக்காதீர்கள். முதல் கிழமை தரையில் வெண்கட்டியால் ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு கோடு. அவ்வளவுதான்.

இனித் தாளம். இது மூன்று எண்ணிக்கையில் போகிற ஆட்டம். ஆத்தே எனக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித்தான் சொல்லித்தந்தாள். எங்கள் பிள்ளைகளுக்கு எண்ணினால் ஏறவில்லை. ஒரு நாள் சும்மா ‘தகிட, தகிட’ என்று சொன்னேன். அரைமணித்தியாலத்தில் கால் வந்துவிட்டது. நடனம் பழகாத பிள்ளைக்கும் அந்தச் சொல் வாயில் இருக்கிறது. ‘த’ என்றால் மூங்கில் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். ‘கி’, ‘ட’ இரண்டுக்கும் விலகிக் கட்டையில் தட்டும். ஆகவே ‘த’வில் கால் வெளியே இருக்க வேண்டும். ‘கிட’வில் உள்ளே இருக்கலாம். தினிக்ளிங்கின் முழு ரகசியமும் இதுதான்.

அடியைச் சொல்கிறேன். கோடுகள் உங்கள் வலப்பக்கம் இருக்க நில்லுங்கள். ‘த’வுக்கு இடது காலில் நின்ற இடத்திலேயே ஒரு சின்னத் துள்ளல், வலது கால் மேலே. ‘கி’க்கு வலது கால் உள்ளே. ‘ட’வுக்கு இடது காலும் உள்ளே, உடனே வலதை எடுத்துவிட வேண்டும். அடுத்த ‘த’வுக்கு வலது கால் அந்தப் பக்கம் வெளியே போய் ஊன்றும், இடது மேலே. இப்போது திரும்பி வர வேண்டும்: ‘கி’க்கு இடது உள்ளே, ‘ட’வுக்கு வலது உள்ளே, ‘த’வுக்கு இடது தொடங்கிய இடத்தில். ஒருநாளும் இரண்டு காலும் சேர்ந்து ஊன்றக் கூடாது. பிழை விடுகிற பிள்ளை எல்லாரும் விடுகிற பிழை அதுதான். பயத்தில் உள்ளே இரண்டு காலையும் ஊன்றி நிற்பார்கள், மூங்கில் வந்துவிடும்.

துள்ளலையும் கவனியுங்கள். கங்காரு மாதிரிக் குதிக்கிற ஆட்டமில்லை இது. ‘திக்ளிங்’ என்பது வயலில் திரிகிற ஒரு பறவை, எங்கள் கானாங்கோழியின் இனம். புல்லுக்கும் கமக்காரர் வைத்த மூங்கில் பொறிக்கும் நடுவே அது காலைத் தூக்கித் தூக்கித் தப்பி நடப்பதைப் பார்த்து ஆடியது என்று லெய்த்தேயில் சொல்வார்கள். மழைக்குப் பிறகு வயல்கரைப் பற்றைக்குள் கானாங்கோழி வரும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கழுத்தை நிமிர்த்தி, உடம்பை ஆட்டாமல், காலை மட்டும் மடக்கி எடுத்து வைக்கும். அதைப் பார்த்த பிறகு பத்து வயதுப் பொடியன் ஒருவன் ஆடியது நான் ஆடுவதைவிட அழகாக இருந்தது.

தட்டுகிறவர்களைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆடத் தெரியாதவர்களை உட்கார வைத்துத் தட்டச் சொல்வது பெரிய பிழை. உங்கள் குழுவில் தாளம் நன்றாக வருகிற இருவரை அங்கே இருத்துங்கள். மூங்கிலைக் கட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற நுனியில் பிடிக்க வேண்டும், விரல் உட்பக்கம் வந்தால் ‘த’வில் நசியும். மூங்கிலைத் தூக்கி அடிக்கவும் கூடாது. கட்டையோடு உரசிக்கொண்டு போய் மோத வேண்டும். தூக்கினால் அடி கணுக்காலிலிருந்து மேலே ஏறி முழங்காலுக்குப் போகும். ஆட்டம் போகப்போக வேகம் கூட வேண்டியதுதான். ஆனால் வேகத்தைக் கூட்டுவது பாட்டு, தட்டுகிறவனின் உற்சாகம் இல்லை. ஆடுகிறவருக்குக் கால் சிக்கினால் தட்டுகிறவர் உடனே மூங்கிலை விலக்கிப் பிடிக்க வேண்டும். இதைத் தனியாகப் பத்துத் தடவை பழக்குங்கள்.

பாட்டுக்கு அங்கே ரொண்டல்லா என்ற நரம்புக் கருவிக் குழு வாசிக்கும். பண்டூரியா, லவுட், கிற்றார் என்று ஸ்பெயின் வழி வந்தவை. எங்களுக்குக் கிற்றாரும் ஒரு மண்டலினும் போதும். இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. எங்கள் கரையோரப் பொடியன்களின் கையில் கிற்றாரைக் கொடுத்தால், அது தானாகப் பைலாப் பாட்டுக்குப் போகும். பைலாவிலும் மூன்று மூன்றாகத்தான் அடி விழுகிறது, ஆனால் உடம்பு அதை இரண்டாக ஆட்டுகிறது. முதல் வருட மேடையில் அப்படித்தான் நடந்தது. நடுவில் கிற்றார் பைலாவாகிவிட்டது. சனம் கைதட்டத் தொடங்கியது. தட்டுகிறவர்கள் சனத்தோடு போய்விட்டார்கள். ஆடிய பிள்ளையின் இரண்டு காலுக்கும் நான் இரவு ஐஸ் வைத்தேன். இப்போது கிற்றார்காரனையும் ஒரு கிழமை மூங்கில் தட்ட வைத்த பிறகுதான் கிற்றாரைத் தொட விடுகிறேன்.

உடுப்புக்குச் செலவழிக்காதீர்கள். பெண்பிள்ளைகளுக்கு அங்கே பட்டாட்யோங் என்ற கட்டம் போட்ட குழாய்த்துணி. எங்கள் சாரமேதான், சந்தேகமே வேண்டாம். அப்பாவின் புதுச் சாரம் ஒன்றைக் கேட்டு வாங்கி இடுப்பில் செருகி, மேலே வெள்ளைச் சட்டை. ஆண்பிள்ளைகளுக்கு வெளியே விட்ட வெள்ளைச் சேட்டு, முழங்கால் வரை மடித்த காற்சட்டை. சப்பாத்து வேண்டாம், வெறுங்கால்.

அந்த மெல்லிய வெள்ளைச் சட்டையைப் பற்றி ஒரு சங்கதி. நல்ல உடுப்பு அங்கே அன்னாசி இலை நாரில் நெய்யப்படும். அன்னாசியை அந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர். நாரை எடுத்து நெய்தவர்கள் தீவுக்காரர். தினிக்ளிங்கும் எனக்கு அப்படித்தான் படுகிறது. கிற்றாரும் வால்ஸ் தாளமும் கப்பலில் வந்தவை. மூங்கிலும் பறவையும் வெறுங்காலும் ஊரில் இருந்தவை.

மேடையில் அறிவிப்பதற்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒரு விழாவில் அறிவிப்பாளர் ‘அடுத்து ஸ்பானிய நடனம்’ என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் அடங்க இரண்டு நாள். இன்னொரு மேடையில், ஸ்பானியப் பண்ணைக்காரர் கூலிகளை மூங்கிலுக்கு நடுவே நிறுத்தி அடித்ததிலிருந்து பிறந்த நடனம் என்றார்கள். அப்படி ஒரு கதை உலவுகிறது, கேட்கவும் உருக்கமாக இருக்கும். அதை வரலாறு என்று வாசிக்காதீர்கள். இவ்வளவு போதும்: 1521 இல் ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டிய மகெல்லன் வந்தார். 1565 இல் ஸ்பானியர் செபு தீவில் குடியேறினார்கள். 1898 வரை, 333 வருடம் ஆண்டார்கள். அந்தக் காலத்தில் ஹோட்டா, பண்டாங்கோ, வால்ஸ், பொல்கா என்ற ஆட்டங்கள் எல்லாம் வந்தன. ஊர்ச்சனம் ஹோட்டாவுக்குக் கைக்குள் வைத்துத் தட்டுகிற காஸ்தனேட்டை மூங்கிலில் செய்துகொண்டது. லுபாங் தீவில் பண்டாங்கோவைத் தலையிலும் இரண்டு புறங்கையிலும் எண்ணெய் விளக்கு ஏந்தி ஆடினார்கள். ஊர் ஊராகப் போய் இவற்றை அடி அடியாக எழுதிவைத்தவர் பிரான்சிஸ்கா ரேயஸ் அக்கினோ. 1926 இல் தன் முதுகலை ஆய்வாகக் கொடுத்தார், 1973 இல் அந்த நாட்டின் தேசியக் கலைஞரானார்.

நேரம் இருந்தால் இதையும் சொல்லுங்கள், எங்கள் சனத்துக்குப் பிடிக்கும். பிலிப்பைன்ஸ் என்ற பெயர் ஸ்பெயினின் இரண்டாம் பிலிப்பின் பெயர். 1543 இல் முதலில் லெய்த்தே, சமார் என்ற இரண்டு தீவுக்கும்தான் அதை வைத்தார்கள். 1580 இலிருந்து 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் ஒரே அரசன். போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தபோது முடி இருந்தது அந்தப் பிலிப்பின் மகன் தலையில். அதாவது ஆத்தேயின் முன்னோரும் என் முன்னோரும் ஒரே ராசாவின் கீழ் இருந்திருக்கிறார்கள். ஸ்பானியர் அங்கேயும் போர்த்துக்கேயர் இங்கேயும் விட்டுப்போன சொற்களும் ஒரே மாதிரி. தோகாவில் அவள் ‘குசினா’ என்பாள், நான் குசினி என்பேன். அவளுக்கு ‘சபாத்தோஸ்’, எனக்குச் சப்பாத்து. அவளுக்கு ‘துவால்யா’, எனக்குத் துவாய். நேபாளப் பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் சொந்தக்காரர் என்றே நினைத்திருந்தாள்.

பிள்ளைகள் யூடியூப்பில் தேடினால் குடையும் பட்டும் விசிறியுமாக, மூங்கில் குறுக்கும் மறுக்கும் வைத்த ஆட்டம் ஒன்றும் வரும். அது சிங்கில். மிண்டனாவோ தீவில் லானாவ் ஏரிக்கரை மரனாவோ முஸ்லிம்களுடையது, ஸ்பானியச் சாயல் இல்லாதது. இரண்டையும் கலந்து ஒரே ஆட்டமாகப் போட வேண்டாம்.

துள்ள முடியாத பெரியவர்களுக்குக் கரின்யோசா என்ற ஆட்டத்தைப் பழக்கலாம். பனாய் தீவில் பேர்போனது. அதுவும் வால்ஸ் தாளம்தான், மெதுவாகப் போகும். ஒரு விசிறியும் ஒரு லேஞ்சியும் (கைக்குட்டை) வைத்து ஆணும் பெண்ணும் ஒளித்துப் பிடித்து விளையாடுவது. இடையில் லேஞ்சி இருக்கிறபடியால் அம்மாமாரும் முகம் சுளிக்கவில்லை. விசிறி மட்டும் மடித்து விரிக்கிறதாக இருக்கட்டும். நான் சிக்கனம் பார்த்துப் பனையோலை விசிறியைக் கொடுத்தேன். காதலனைப் பார்த்து ஒளிக்க வேண்டியவள் அடுப்பு ஊதுகிறவள் மாதிரி நின்றாள்.

கடைசியாக, மூங்கிலைப் பழக்கம் முடிந்ததும் வெயிலில் விடாமல் உள்ளே படுக்க வைத்து வையுங்கள், நின்றபடி சாய்த்தால் வளையும். வளவுக்குள் வெளியே வைத்தாலும் நிலைக்காது. என்னுடைய முதல் சோடி இப்போது பக்கத்து வீட்டில் உடுப்புக் காயப்போடுகிற கொடிக்கு முண்டாக நிற்கிறது. கேட்கவும் முடியவில்லை.