அம்மாவின் மருந்துப் பையை செல்போனுக்குள் கொண்டுவருவது எப்படி?

போன கார்த்திகையில் ஒரு நாள் விடியற்காலை, அம்மா குளியலறையில் இருந்து வரும்போது தலைசுற்றி, நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிரஷர் பார்த்தால் மேல் அளவு 92. வழக்கமாக 140-ஐத் தொடுகிறவர். என்ன ஏது என்று புரியாமல் மருந்துப் பையைக் கொட்டி ஒவ்வொரு அட்டையாகப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஊரில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் எழுதிய பிரஷர் மாத்திரை ஒன்று, எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு இங்கே பார்த்த டாக்டர் எழுதியது ஒன்று. கம்பெனி வேறு, பெயர் வேறு, நிறம்கூட வேறு. உள்ளே இருந்தது இரண்டிலும் டெல்மிசார்டன் 40 மில்லிகிராம். பத்து நாளாக இரண்டையும் சேர்த்து விழுங்கியிருக்கிறார்.

இரண்டு டாக்டர்கள் மேலும் தப்பில்லை. பழைய சீட்டு ஊரில் பீரோவுக்குள் இருந்தது, இங்கே நாங்கள் வாயால் சொன்னது "பிரஷருக்கு ஏதோ சாப்பிடுறாங்க" என்பது மட்டும். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மருந்துத் தவறுகளைக் குறைக்க ஓர் இயக்கம் தொடங்கியபோது, முதலில் கவனிக்க வேண்டியவை என்று மூன்றைச் சொன்னது. அதில் இரண்டு, ஒரே ஆள் பல மருந்துகள் சாப்பிடுவதும், ஒரு டாக்டரிடம் இருந்து இன்னொரு டாக்டரிடம் மாறுவதும். அம்மாவுக்கு இரண்டுமே பொருந்தியது.

அதற்கப்புறம் நான் உட்கார்ந்து செய்த வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். தேவையானவை: ஸ்மார்ட்போன், அம்மா அப்பாவின் ஆதார், மருந்துப் பை, ஒரு நோட்டு.

படி 1: பையைக் கொட்டி எழுதுங்கள்

செயலியில் இருந்து ஆரம்பிக்காதீர்கள். தப்பான பட்டியலை போனுக்குள் ஏற்றினால் தப்பு இன்னும் வேகமாகப் பரவும், அவ்வளவுதான்.

வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, இருக்கிற எல்லா அட்டை, பாட்டில், சொட்டு மருந்து, தைலம், சித்த மருந்துக்கடையில் வாங்கிய சூரணம் வரைக்கும் பரப்புங்கள். பிறகு ஒவ்வொரு அட்டையையும் திருப்பி, பின்பக்கம் படியுங்கள். பளிச்சென்று தெரிவது கம்பெனி வைத்த பெயர், அது நமக்கு முக்கியமில்லை. "டேப்லெட்ஸ் ஐ.பி." என்று ஆங்கிலத்தில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதற்கு முன்னால் உள்ளதுதான் மருந்தின் உண்மையான பெயர். டெல்மிசார்டன், ஆம்லோடிபின், மெட்ஃபார்மின் என்று. ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்து சேர்ந்தும் இருக்கும், சுகர் மாத்திரைகளில் இது ரொம்ப சகஜம், அப்படியானால் எல்லாப் பெயரையும் எத்தனை மில்லிகிராம் என்பதோடு தனித்தனியாக எழுதுங்கள்.

நோட்டில் ஒரு மருந்துக்கு ஒரு வரி. மருந்தின் பெயர், அளவு, காலை மதியம் இரவு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எதற்காக, எந்த டாக்டர், எப்போதிருந்து. "எதற்காக" என்ற கட்டத்தை விட்டுவிடாதீர்கள். எழுதிக்கொண்டே வரும்போது ஒரு மாத்திரைக்கு அந்தக் கட்டம் காலியாக நின்றால், அடுத்த தடவை டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

எழுதி முடித்ததும் மருந்துப் பெயர் வரிசையை மட்டும் மேலிருந்து கீழாக ஒருமுறை படியுங்கள். ஒரே பெயர் இரண்டு இடத்தில் வருகிறதா? எங்களுக்கு வந்தது. பாராசிட்டமாலும் இப்படித்தான் சத்தமில்லாமல் இரட்டிப்பாகும், காய்ச்சல் மாத்திரையிலும் இருக்கும், சளி மாத்திரையிலும் இருக்கும், மூட்டு வலிக்குக் கொடுத்த கூட்டு மாத்திரையிலும் இருக்கும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். அன்றைக்கே எழுதிக்கொடுத்த டாக்டருக்கோ மருந்தாளுநருக்கோ போன் போட்டுக் கேளுங்கள்.

படி 2: அட்டையில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்

இந்தியாவில் அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளில் கியூஆர் கோடோ பார்கோடோ இருக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். போன் கேமராவைக் காட்டினால் மருந்தின் பெயர், தயாரித்தவர், பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதிக்குக் கொடுக்கும் எண்), தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் திரையில் வரும். அதை அட்டையில் அச்சாகியிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேட்ச் எண்ணோ தேதியோ ஒத்துப்போகாவிட்டால் சாப்பிடாமல் வாங்கிய கடைக்கே எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம்மூரில் பத்து மாத்திரை அட்டையில் நான்கை மட்டும் கத்தரித்துக் கொடுப்பார்கள், தேதியும் கோடும் கடைக்காரரிடம் இருக்கும் பாதியோடு போய்விடும். அம்மாவின் பையில் அப்படி ஏழு துண்டுகள் கிடந்தன, அதில் இரண்டு என்ன மாத்திரை என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது வெட்டுவதற்கு முன் முழு அட்டையின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன், பில்லும் கேட்டு வாங்கிவிடுகிறேன். ஒழுங்கான பில்லில் பேட்ச் எண்ணும் காலாவதியும் இருக்கும்.

படி 3: ஆபா எண் எடுங்கள்

ஆபா என்பது ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் (சுருக்கமாக ஏபிடிஎம்) நமக்குக் கிடைக்கும் 14 இலக்க எண். 2020-இல் புதுச்சேரி உள்பட ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனையாகத் தொடங்கி, 2021 செப்டம்பர் 27-இல் நாடு முழுவதும் வந்தது. வெவ்வேறு மருத்துவமனை, லேப் கணினிகளில் சிதறிக் கிடக்கும் உங்கள் ரிப்போர்ட்டுகளை எல்லாம் "இது இந்த ஆளுடையது" என்று ஒன்றாகக் கோப்பதற்கான எண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது காப்பீட்டு அட்டை இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வேறு, இது வேறு. இதைக் காட்டினால் சிகிச்சைக்குப் பணம் குறையாது. பெயரில் "ஆயுஷ்மான்" இருப்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள், அந்தக் குழப்பத்தை வைத்துப் பணம் கேட்பவர்களும் இருக்கலாம். எண் எடுப்பது முழுக்க இலவசம், விருப்பம் இருந்தால் மட்டும் எடுத்தால் போதும்.

ப்ளே ஸ்டோரில் ஆபா செயலியை இறக்குங்கள். தேசிய சுகாதார ஆணையம் வெளியிட்டதுதானா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். ஆதார் எண்ணைப் போட்டால், ஆதாரோடு இணைத்த செல்போனுக்கு ஓடிபி வரும். இங்கேதான் பல பேர் மாட்டிக்கொள்வார்கள். அம்மாவின் ஆதாரில் இருந்தது எப்போதோ தொலைந்துபோன சிம்மின் எண். ஆதார் சேவை மையத்துக்குப் போய் எண்ணை மாற்றிவிட்டு, அப்புறம்தான் மேலே நகர முடிந்தது. ஆகவே செயலியைத் திறப்பதற்கு முன்பே எந்த எண் இணைந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

ஓடிபி போட்டபிறகு ஆபா முகவரி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். மின்னஞ்சல் முகவரி மாதிரி, உங்கள் பெயருக்குப் பின்னால் ஏபிடிஎம் என்று முடியும். வாயால் சொன்னால் கவுன்டரில் இருப்பவருக்குப் புரிகிற மாதிரி எளிதாக வையுங்கள். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருக்கிறபடியே வரும், மருத்துவமனைப் பதிவில் வேறு மாதிரி இருந்தால் பின்னால் இணைக்கும்போது தகராறு செய்யும், இப்போதே கவனியுங்கள்.

ஓடிபியை போனில் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், "ஆபா ஆபீஸில் இருந்து பேசுகிறோம்" என்றாலும் சரி. சந்தேகம் இருந்தால் நீங்களே 14477-க்குக் கூப்பிடுங்கள்.

படி 4: மருத்துவமனையில் காட்டும்போது

இந்தத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் ஓ.பி. கவுன்டர் பக்கத்தில் கியூஆர் கோடு ஒட்டியிருப்பார்கள். செயலியில் இருந்து அதை ஸ்கேன் செய்தால் பெயர், வயது, எண் எல்லாம் கவுன்டருக்குப் போய், போனிலேயே டோக்கன் எண் வந்துவிடும். வரிசையில் நின்று பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பெயர் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு லட்சுமிகளின் ரிப்போர்ட் மாறிப்போகும் வாய்ப்பும் குறையும், எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. எல்லா இடத்திலும் இந்த வசதி இல்லை, கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஒப்புதல். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் ரிப்போர்ட்டுகள் எல்லாம் டெல்லியில் ஒரே கணினிக்குள் போய்க் குவிவதில்லை, எந்த மருத்துவமனை உண்டாக்கியதோ அங்கேயே இருக்கும். இன்னொரு டாக்டர் பார்க்க வேண்டுமானால் செயலிக்குக் கோரிக்கை வரும். அதைத் திறந்தால் யார் கேட்கிறார்கள், எதற்கு, எந்த வகை ஆவணம், எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை, அனுமதி எப்போது முடியும் என்று வரிசையாக இருக்கும். வந்த வேகத்தில் "சம்மதம்" என்று அமுக்கிவிடாதீர்கள். கண் டாக்டருக்கு அம்மாவின் சுகர் ரிப்போர்ட் வேண்டும், பத்து வருஷத்துக்கு முந்தைய கர்ப்பப்பை அறுவை சிகிச்சைத் தாள் வேண்டியதில்லை என்று தோன்றினால் அதை எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறவும் செய்யலாம்.

பழைய காகிதச் சீட்டுகள் தானாக உள்ளே வராது. ஆபா முகவரியோடு வேலை செய்யும் செயலிகள் பலவற்றில் நாமே போட்டோ எடுத்து ஏற்றலாம். எல்லாவற்றையும் ஏற்றி மலைக்காதீர்கள். கடைசி மூன்று மாத ரத்தப் பரிசோதனை, டிஸ்சார்ஜ் சம்மரி எத்தனை இருக்கிறதோ அத்தனையும், கடைசி ஈசிஜி, அப்புறம் படி 1-இல் எழுதிய பட்டியலின் போட்டோ. இதுவே போதும்.

படி 5: பூட்டிய திரையிலும் தெரிகிற மாதிரி

ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் பாதுகாப்பு, அவசரநிலை என்ற பகுதியில் மருத்துவ விவரம் எழுத இடம் இருக்கும். ஐபோனில் ஹெல்த் செயலிக்குள் மெடிக்கல் ஐடி. ரத்த வகை, சுகர், பிரஷர், சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை, கூப்பிட வேண்டிய இரண்டு எண்கள். ஒவ்வாமை என்ற இடத்தில் "ஒரு ஊசி சேராது" என்று எழுதினால் யாருக்கும் உதவாது, பென்சிலின் என்றால் பென்சிலின் என்றே எழுத வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் போடுங்கள்.

எழுதிவிட்டு போனைப் பூட்டி, "எமர்ஜென்சி" என்று வருவதை நீங்களே தொட்டுப் பாருங்கள். விவரம் தெரிகிறதா? பல போன்களில் பூட்டிய திரையில் காட்டு என்ற பொத்தானைத் தனியாகத் தட்டிவிட வேண்டியிருக்கும். போன் சார்ஜ் இல்லாமல் போகும் நாளுக்காக அதே விவரத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி அம்மாவின் சுருக்குப் பையில் வைத்திருக்கிறேன்.

படி 6: வீட்டில் பிரஷர் பார்க்கிறீர்களா?

மிஷின் ப்ளூடூத்தில் போனுக்கு அனுப்புகிறதா என்பதைவிட, எப்படிப் பார்க்கிறோம் என்பதுதான் முக்கியம். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிஷம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் இருக்க, பட்டையைத் துணிமேல் சுற்றாமல் தோலின்மேல் சுற்றி, ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை எடுங்கள். இரண்டையும் தேதி, நேரத்தோடு பதியுங்கள். நல்லதாக வந்ததை மட்டும் எழுதுவது வேண்டாம்.

படி 7: வீடியோவில் டாக்டரைப் பார்ப்பது

அரசின் இ-சஞ்சீவனி மூலம் வீட்டில் இருந்தே இலவசமாக டாக்டரோடு பேசலாம். பேசுவதற்கு முன் பட்டியல் கையில் இருக்கட்டும், மாத்திரை அட்டைகளும் பக்கத்தில் இருக்கட்டும், கேமராவில் காட்டலாம். 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டு விதிகளின்படி மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும், இருக்கிறதா என்று பாருங்கள். சில வகை மருந்துகளை வீடியோவில் பார்த்து எழுதவே கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன, அதனால் டாக்டர் மறுத்தால் கோபப்பட வேண்டாம். நெஞ்சுவலி, வாய் கோணுவது, ஒரு பக்கம் கை விழுந்துபோவது, மூச்சுத் திணறல், இதற்கெல்லாம் வீடியோ கிடையாது. உடனே 108.

படி 8: மருந்து சேராவிட்டால் சொல்லுங்கள்

புது மாத்திரை ஆரம்பித்தபின் தடிப்பு, வீக்கம், விடாத இருமல் என்று எதுவந்தாலும் முதலில் டாக்டருக்குச் சொல்கிறோம், சரி. அதோடு இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் சொல்லலாம் என்பது பல பேருக்குத் தெரியாது. இலவச எண் 1800-180-3024. நோயாளிகளே நிரப்பும் படிவம் தமிழிலும் இருக்கிறது. பேட்ச் எண் கேட்பார்கள், படி 2-இல் எடுத்த போட்டோ அப்போது கைகொடுக்கும்.

படி 9: நிறுத்திய மருந்துக்கும் ஒரு பக்கம்

பட்டியலின் கடைசியில் "நிறுத்தியவை" என்று ஒரு பக்கம் விடுங்கள். என்ன மருந்து, எந்தத் தேதியில், யார் சொல்லி, எதனால் நிறுத்தினோம். அந்த இரண்டாவது டெல்மிசார்டன்தான் எங்கள் பட்டியலில் முதல் வரி. மிச்சமிருந்த அட்டையைத் தூக்கிப்போட அம்மாவுக்கு மனசு வரவில்லை, "இருநூறு ரூபாய் மாத்திரைடா, இருக்கட்டும்" என்றார். ஒரு கவரில் போட்டு, மேலே நிறுத்திய தேதியை எழுதி, மருந்து டப்பாவில் இருந்து தள்ளி வேறு அலமாரியில் வைத்தேன். போன மாதம் புது டாக்டர் போனை வாங்கி அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார், பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்த மருந்தை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார்.