ஊசி போடப் போகும் முன் மாத்திரைச் சீட்டை எடுங்கள்

போன வருடம் குடியாத்தத்தில் என் சித்தியைத் தெருநாய் கணுக்காலில் கடித்துவிட்டது. சித்திக்குப் பதினைந்து வருடமாக முடக்குவாதம். எதிர்ப்பை அடக்க வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை. வீட்டில் எல்லாரும் சேர்ந்து, "உனக்கு எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குற வியாதி, இதுல ஊசி வேற போட்டா இன்னும் கிளப்பி விட்டுடும், ரெண்டு நாள் பார்க்கலாம்" என்று உட்கார வைத்துவிட்டார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குச் சித்தி எனக்குப் போன் செய்து, "கடி வாய் எரியுதுடி" என்றபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். காட்பாடியிலிருந்து வண்டி பிடித்து ஓடினேன். நாய்க்கடியில் இரண்டு நாள் பார்ப்பது என்ற பேச்சே கிடையாது, வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிது.

எனக்கும் அதே முடக்குவாதம்தான். அதனால் இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். ஆனால் லூபஸ், முடக்குவாதம், சொரியாசிஸ் மாதிரி எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் உள்ளவர்களுக்கு ஊசியைவிடத் தொற்றுதான் பெரிய ஆபத்து. நிமோனியாவோ ஃப்ளூவோ வந்தால் நமக்குக் கடுமையாக வரும், அந்தக் காய்ச்சலே மூட்டு வீக்கத்தையும் கிளப்பிவிடும். ஊசி போட்டபின் நோய் சிலருக்குத் தலைதூக்குவது உண்டு, மறுக்கவில்லை. பெரும்பாலும் அது லேசாக வந்து அடங்கிவிடுகிறது.

முதல் வேலை, நீங்கள் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளாக. இதில் முக்கியமானது ஸ்டீராய்டு. பிரட்னிசோலோன் தினம் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரண்டு வாரம் சாப்பிட்டிருந்தால், உடம்பின் எதிர்ப்பு நன்றாக அடங்கியிருக்கிறது என்று டாக்டர்கள் கணக்கு வைப்பார்கள். மூட்டு வலிக்கு என்று பெயர் இல்லாத மாத்திரையைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பார்களே, அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். வெட்கப்படாமல் அந்தப் பொட்டலத்தையே கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

அடுத்து, "இது உயிருள்ள தடுப்பூசியா, கொன்ற தடுப்பூசியா?" என்று கேளுங்கள். உயிருள்ளது என்றால் பலவீனப்படுத்திய கிருமி உள்ளே போய்க் கொஞ்சம் பெருகும். எதிர்ப்பை அடக்கும் மருந்தில் இருப்பவருக்கு அந்தப் பலவீனக் கிருமியே நோயாக மாறலாம், அதனால்தான் தவிர்ப்பார்கள். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது, சின்னம்மை ஊசி, மஞ்சள் காய்ச்சல் ஊசி, காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு, மூக்கில் அடிக்கும் ஃப்ளூ மருந்து எல்லாம் இந்த வகை. கையில் போடும் ஃப்ளூ ஊசி, நிமோனியா, ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ், வெறிநாய்க்கடி ஊசிகளில் உயிருள்ள கிருமி கிடையாது. அவற்றிலிருந்து நோய் தொற்ற வழியே இல்லை. கோவேக்சின் கொன்ற வைரஸ், கோவிஷீல்டில் இருப்பது உடம்புக்குள் பெருக முடியாதபடி மாற்றிய வைரஸ்.

நோயின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் போதாது, எந்த ஊசி என்றும் கேட்க வேண்டும். இந்தியாவில் மூளைக்காய்ச்சலான ஜப்பானிய என்செபலைட்டிஸ் மனிதர்களிடம் முதலில் கண்டறியப்பட்டது நம் வட ஆற்காட்டில்தான், 1955இல். அதற்கு உயிருள்ள ஊசியும் உண்டு, கொன்ற ஊசியும் உண்டு. ஒன்றை நாம் தவிர்க்க வேண்டும், மற்றொன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

தைராய்டு, வெண்படை மாதிரி நோய் இருந்து, எதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவும் சாப்பிடாதவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பொதுவாகப் பொருந்தாது. தடை வருவது பெரும்பாலும் மருந்தால்தான்.

சரி, எப்போது போடுவது? நோய் அடங்கியிருக்கும் நேரம் நல்லது. அதைவிட நல்லது, பலமான மருந்து தொடங்கும் முன்பே போட்டுவிடுவது. ரிட்டுக்சிமாப் ஏற்றிக்கொள்பவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும், அந்த மருந்து எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கும் அணுக்களையே காலி செய்துவிடும், ஏற்றிய கையோடு போட்ட ஊசி ஆபத்தில்லை என்றாலும் பலன் கம்மி. அதனால் அடுத்த டோஸ் நெருங்கும் சமயத்தில் ஊசியைப் போட்டுவிட்டு, குறைந்தது இரண்டு வாரம் கழித்து மருந்து ஏற்றுவார்கள். ஃப்ளூ ஊசிக்கு மட்டும் அப்படிக் காத்திருக்க வேண்டாம், சீசனில் கிடைக்கும்போது போட்டுக்கொள்ளலாம். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்கள், நோய் அடங்கியிருந்தால், ஃப்ளூ ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தி வைக்கலாம் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் அமைப்பு 2022இல் சொன்னது. உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். விட்ட மாத்திரையை அப்புறம் சேர்த்துப் போட்டுக்கொள்ளவே கூடாது. ஸ்டீராய்டை ஊசிக்காக என்று திடீரென நிறுத்துவதும் கூடாது, அது உயிருக்கே ஆபத்து.

எதையெல்லாம் போட்டுக்கொள்ள வேண்டும் என்றால், ஃப்ளூ வருடா வருடம். நிமோனியாவுக்கு 13 வகைக் கிருமிகளுக்கான பி.சி.வி. 13 போட்டால், எட்டு வாரமாவது கழித்து 23 வகைக் கிருமிகளுக்கான ஊசி. பயாலஜிக்ஸ் எனும் பலமான ஊசி மருந்துகள் தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனை, இல்லை என்று வந்தால் ஊசி. பிறகு அக்கி. நம் பக்கம் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவியால் எழுதிக்கொள்வது பழக்கம், என் பாட்டிக்கு முதுகில் எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கொப்புளம் முதல் 72 மணி நேரத்துக்குள் வைரஸை அடக்கும் மருந்து கேட்கும் நோய். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் டோஃபாசிட்டினிப் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு அதிகம். இதற்கு உயிரில்லாத ஷிங்ரிக்ஸ் ஊசி இந்தியாவுக்கு 2023இல் வந்துவிட்டது, இரண்டு டோஸ். விலை கையைக் கடிக்கும். முடிந்தவர்கள் தள்ளிப் போடாதீர்கள்.

இனி நாய்க்கடி. கடித்ததும் குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். வெறிநாய்க்கடி ஊசிக்கு "இவருக்குப் போடக்கூடாது" என்று எந்த நோயும் இல்லை, கர்ப்பிணிக்கும் போடுவார்கள். ஆனால் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் வழக்கமாகத் தோலுக்குள் கொஞ்சமாகப் போடும் முறைதான், ஆனால் நம் மாதிரி எதிர்ப்பை அடக்கும் மருந்தில் இருப்பவர்களுக்குத் தசையில் முழு டோஸாகப் போடுவது நல்லது, 0, 3, 7, 14, 28 என்று ஐந்து நாட்கள். குளோரோகுயின் வகை மாத்திரை (சித்தி சாப்பிடும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் அந்த வகைதான்) தோலுக்குள் போடும் ஊசியின் பலனைக் குறைக்கும் என்பது தெரிந்த விஷயம். இன்னொன்று, ரத்தம் வராத சின்னக் கீறல் என்றாலும் நமக்கு இம்யூனோகுளோபுலின், அதாவது தயாராக இருக்கும் எதிர்ப்புப் பொருள் ஊசி, தேவைப்படும். நாங்கள் போன இடத்தில் சித்தியின் மாத்திரை பற்றி யாருமே கேட்கவில்லை. நானாகச் சீட்டை நீட்டினேன், அதற்குப் பிறகுதான் முறையை மாற்றினார்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது இன்ஃபிளிக்சிமாப், அடலிமுமாப் மாதிரி பயாலஜிக்ஸ் போட்டுக்கொண்டவர்கள் பிரசவ வார்டிலேயே சொல்லிவிடுங்கள். பிறந்தவுடன் குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. உயிருள்ளது, மருந்து குழந்தையின் ரத்தத்திலும் இருக்கும், அதனால் ஆறு மாதமாவது தள்ளிப் போடுவார்கள். மற்றபடி வீட்டுக் குழந்தைகளின் ஊசியை உங்களுக்காக நிறுத்த வேண்டாம், போலியோ சொட்டு பற்றி மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் வேலூர் சி.எம்.சி.யும் ஒரு மையமாக இருந்து பரிசோதித்த வயிற்றுப்போக்குக்கான ரோட்டாவைரஸ் சொட்டு மருந்து உயிருள்ளதுதான், அந்தக் கிருமி மலத்தில் வெளியேறும் என்பதால் அது கொடுத்தபின் ஒரு மாதத்துக்குக் குழந்தைக்குக் கால் கழுவி விடுவதை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

மெடிக்கலில் ஊசி மருந்து வாங்கிப் போவதென்றால், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் சத்துவாச்சாரியிலிருந்து பஸ்ஸில் சாதாரணக் கவரில் கொண்டு போனால் கெட்டுவிடும். ஐஸ் வைத்த டப்பாவில் போடுங்கள், ஆனால் ஐஸ் நேராக மருந்துக் குப்பியில் படாமல் நடுவில் துணி சுற்றுங்கள். ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் ஊசிகள் உறைந்துபோனாலும் வீண்.

போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். கை வலி, ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், அசதி சாதாரணம், பாரசிட்டமால் போதும். நான்கு நாள் தாண்டியும் மூட்டு வீங்கியே இருந்தால், காலையில் விரல் மடக்க ஒரு மணி நேரம் ஆகிறது என்றால், லூபஸ் உள்ளவர்களுக்குச் சிறுநீர் நுரைத்தால், கால் வீங்கினால் உங்கள் டாக்டரைப் பாருங்கள். காலில் மதமதப்பு ஆரம்பித்து பலவீனம் மேலே ஏறினாலோ, தோலில் சிவப்புப் புள்ளிகளோடு ஈறில் ரத்தம் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரொம்ப அபூர்வம்தான், ஆனால் காத்திருக்கும் விஷயமில்லை.

சித்திக்கு இருபத்தெட்டாம் நாள் ஊசியும் முடிந்தது. மூட்டு வலி இரண்டு நாள் கொஞ்சம் கூடி, இறங்கிவிட்டது. ஊசித் தேதி எழுதிய அட்டையையும் மாத்திரைச் சீட்டையும் ஒன்றாகப் பின் அடித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார். போன வாரம் அதைப் போட்டோ எடுத்து என் போனிலும் போட்டுக்கொண்டேன்.