பாறையோடு வந்த நண்டைப் பிடிக்க ஒரு கண்ணாடி டம்ளர் போதும்

போன மாதம் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி இரவு 11 மணிக்குக் கூப்பிட்டான். “அண்ணே, தொட்டியில ரெண்டு நத்தை காலி, வெறும் ஓடுதான் கிடக்கு. லைவ் ராக் உள்ள ஒரு நண்டு இருக்கு. பாறையெல்லாம் வெளிய எடுத்துடவா?”

“கைய வைக்காதடா” என்றேன். லைவ் ராக் என்றால் பவளத் தொட்டியில் வைக்கும், உயிர்கள் குடியிருக்கும் கடல் பாறை. அதன் பொந்தில் ஒளிந்துதான் நண்டு வீட்டுக்கு வந்து சேரும்.

நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான். பாயான் லெப்பாஸ் வீட்டில் முதல் பவளத் தொட்டி வைத்தபோது, பவளக் கிளைகளுக்கு நடுவே ஒரு குட்டி நண்டைப் பார்த்துப் பதறி, இரவோடு இரவாகப் பாறைகளைப் பிரித்துப்போட்டுத் துரத்தினேன். அது டிரபீசியா. போசிலோபோரா பவளத்தில் குடியிருக்கும் காவல்காரன். பவளத்தை மேய வரும் முள்முடி நட்சத்திர மீனையே கிள்ளி விரட்டும். நான் பாறையைக் கலைத்ததில் செத்தது பவளம்தான்.

முதலில் ஆளைப் பாருங்கள்

விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் போகட்டும். டார்ச் லைட்டில் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் ஓடி ஒளியும் நண்டு, சிவப்பில் அவ்வளவாக மிரளாது. பார்க்க வேண்டியது கொடுக்கை.

உடம்பெல்லாம் முடி, தடித்த கொடுக்கு, அதன் நுனி கறுப்பு என்றால் பெரும்பாலும் கொரில்லா நண்டு. சாந்திடே குடும்பம். நத்தை, துறவி நண்டு, பவளச் சதை, தூங்கும் சின்ன மீன் என்று எதையும் விடாது. கொடுக்கு நுனி கரண்டி மாதிரி குழிந்திருந்தால் பாசி சுரண்டும் வகை; பெரிதாகிப் பசித்தால் அதுவும் கை நீட்டும். வாயருகே விசிறி வீசி நீரில் மிதப்பதைப் பிடித்துத் தின்றால் போர்சலின் நண்டு. அதையும் டிரபீசியாவையும் விட்டுவிடுங்கள்.

இரவில் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் நண்டைத் திட்டாதீர்கள். அது மாண்டிஸ் இறாலாகவோ பிஸ்டல் இறாலாகவோ இருக்கும்.

டம்ளர் வைப்பது

நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள். இது கொழுத்தாலும் பகலில் வளையை விட்டு வராது. அதனால் வேலை இரவில்தான்.

உயரமான, வழவழப்பான கண்ணாடி டம்ளர் ஒன்று. அடியில் ஒரு துண்டு பச்சை இறால். டம்ளரை நண்டு ஒளியும் பொந்துக்குப் பக்கத்தில் சரித்து வையுங்கள். வாய் மேல்நோக்கி, விளிம்பு பாறையைத் தொட்டபடி. நண்டு பாறைமேல் ஏறி உள்ளே விழும், வழுக்குவதால் ஏற முடியாது. அன்று மீனுக்குத் தீனி குறைவாகப் போட்டால் பசி நமக்கு உதவும். காலையில் மறக்காமல் டம்ளரை எடுங்கள், நம் ஊர்ச் சூட்டில் இறால் சீக்கிரம் அழுகி நீரைக் கெடுக்கும். துறவி நண்டு சிக்கியிருந்தால் திருப்பி விடுங்கள். முதல் இரவே கிடைக்காவிட்டால் சோர வேண்டாம்.

நாலைந்து இரவாகியும் சிக்கவில்லையா?

பொந்து எது என்று உறுதியானால் அந்தப் பாறையை மட்டும் எடுங்கள். கையுறை கட்டாயம்: முட்புழு குத்தும், ஜோஆந்தஸ் பவளத்தில் பாலிடாக்சின் விஷம் இருக்கலாம். தொட்டி நீர் நிரப்பிய வாளிக்கு மேலே பாறையைப் பிடித்து, ஊசியில்லாத சிரிஞ்சால் சோடா நீரைப் பொந்துக்குள் பீய்ச்சுங்கள். மூச்சு முட்டி வெளியே விழும். வெறும் சோடாதான், 100 பிளஸ் மாதிரி இனிப்புப் பானம் அல்ல! பாறையை வேறொரு வாளி தொட்டி நீரில் அலசிவிட்டுத் திரும்ப வையுங்கள்.

பிடித்ததை என்ன செய்வது?

பிரட்டல் வைக்க நினைக்காதீர்கள். கொரில்லா நண்டின் சாந்திடே குடும்பத்தில் சில வகைகளில் சமைத்தாலும் போகாத நஞ்சு உண்டு. பத்து ஃபெரிங்கி கடலில் விடுவதும் கூடாது; எந்தக் கடலிலிருந்து வந்ததோ, எந்த நோயைச் சுமக்கிறதோ.

தம்பியின் நண்டு மூன்றாம் இரவு சிக்கியது. இப்போது சம்ப்பில், அதாவது தொட்டி நீரை வடிகட்டும் துணைத் தொட்டியில், மிச்சத் தீனி தின்றுகொண்டு கிடக்கிறது. நீங்களும் அப்படி வைத்தால் பம்ப் வாயில் வலை கட்டிவிடுங்கள், குழாய் வழியாக ஏறி வராதபடி தொட்டிக் குழாயின் நுனியையும் பாருங்கள்.