விலங்கு ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம்: இளையோர் மிகுபுனைவில் (ஃபேன்டஸியில்) தவிர்க்க வேண்டிய தவறுகள்

புராண விலங்கையும் குடும்பப் பாசத்தையும் சேர்த்து இளையோர் நாவல் எழுதுகிறவர்கள் பலரும் முதல் அத்தியாயத்திலேயே அம்மா அப்பாவைக் கொன்றுவிடுகிறார்கள். 15 வயதுப் பெண் ராத்திரியில் காட்டுக்குள் போக வேண்டும், தடுக்க ஆள் இருக்கக் கூடாது. வசதியான வழிதான், ஆனால் நாவலின் பாதி உயிர் அதோடு போய்விடும். செத்துப்போன அம்மாவோடு சண்டை போட முடியாது, அவளிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளவும் முடியாது. பெற்றோரை உயிரோடு வைத்துக்கொண்டு, அவர்களால் உதவ முடியாததற்குக் காரணம் தேடுங்கள். அப்பாவின் கண்ணுக்கு அந்த விலங்கு தெரிவதில்லை. அம்மாவோ சிறுவயதில் அதற்குக் கொடுத்த வாக்கை மீறியவள். இப்படி வைத்தால் மகள் வாசலைத் தாண்டும் காட்சியிலேயே மோதல் வந்துவிடும்.

இன்னொரு பெரிய தவறு, விலங்குக்கு எல்லா சக்தியையும் கொடுத்துவிடுவது. பறக்கும், தீ கக்கும், காயம் ஆற்றும், மனசைப் படிக்கும் என்று அடுக்கினால் பத்தாம் அத்தியாயத்தில் யாருக்கும் ஆபத்தே மிஞ்சாது. சங்கப் பாடல்களில் வரும் அசுணம் என்ற விலங்கைப் பாருங்கள். அதற்கு ஒரே குணம், இசைக்கு மயங்கும். யாழை மீட்டி அதை வரவழைத்துக் கொன்றார்கள் என்பார்கள். நற்றிணை 304-ஆம் பாடலில், இன்பமும் துன்பமும் சேர்ந்து தரும் தலைவனின் மார்புக்கு, அசுணம் கொல்பவர் கையே உவமை. பலவீனம் அந்தக் குணத்திலிருந்தே பிறக்கிறது, அதுதான் அழகு. இதை ஒரு வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். அண்ணன் பாடினால்தான் அது வரும், பாடினால் வேட்டைக்காரனுக்கும் இடம் தெரிந்துவிடும், தங்கையோ அதைப் பார்க்காமல் தூங்க மாட்டேன் என்கிறாள். கதை தானாக நகரும்.

எழுதத் தொடங்கும் முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். விலங்கு என்ன செய்யும், எதைச் செய்யவே முடியாது, செய்தால் எதை இழக்கும், அந்த இழப்பு வீட்டில் யாரைத் தாக்கும்? நாலாவதற்குப் பதில் கிடைக்காவிட்டால் விலங்கை மாற்றிவிடுவதே நல்லது.

உடம்பையும் யோசிக்க வேண்டும். ஒரு விலங்கை அதே வடிவில் இரு மடங்கு நீளமாக்கினால் எடை எட்டு மடங்காகும், அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். அதனால் பெரிய யாளிக்கு மெலிந்த கால்கள் ஒத்துவராது. வளர்ந்த யானை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 150 கிலோ தீவனம் தின்னும். அந்த அளவு விலங்கைக் கொல்லைப்புறத்தில் ஒளித்து வைத்தால் தீவனம் எங்கிருந்து வரும், சாணத்தை யார் அள்ளுவார்கள்? மந்திரத்தால் சரிக்கட்டலாம், ஆனால் அந்த மந்திரம் கடைசிப் பக்கம் வரை ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும்.

பாட்டியை உட்காரவைத்து மூன்று பக்கத்துக்கு வரலாறு சொல்லவைக்காதீர்கள். அந்த நேரத்து ஆபத்துக்கு வேண்டியதை மட்டும், அதுவும் பேத்தி கேட்டு நச்சரித்த பிறகு சொல்லட்டும்.

உரையாடலில் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதும் அடிக்கடி நடக்கிறது. தமிழில் இதைத் திருத்துவது சுலபம். யார் யாரை ‘நீ’ என்கிறார்கள், யாரை ‘நீங்க’ என்கிறார்கள் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். அக்காவை எப்போதும் ‘நீ’ என்கிற தம்பி, ஒரு நாள் ‘நீங்க’ என்றால் அவன் கோபத்தை விவரிக்கத் தனியாக ஒரு வரியும் தேவையில்லை.

‘ரத்தத்தில் வந்த சக்தி’ என்று எழுதும்போதும் கவனம் வேண்டும். தத்துப் பிள்ளையும் மாற்றாந்தாயும் உள்ள வீட்டில் அவர்களை அது சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடும். விலங்கு வளர்த்தவர்களை அடையாளம் கண்டுகொள்ளும் என்று விதியை மாற்றினால் அவர்களுக்கும் கதையில் இடம் கிடைக்கும்.

வரைவு முடிந்ததும் விலங்கு வரும் காட்சிகளை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மூன்று காட்சிகளில் வீட்டில் ஒருவர் மற்றவரைப் பார்க்கும் பார்வை துளியும் மாறவில்லை என்றால், அவற்றில் இரண்டை வெட்டிவிடலாம்.